வெளியதானுங்க

"ஏனுங் தம்பி, எங்க தோப்பு கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"வெளியதானுங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. விரல் வரைபடத்தின் மேல் இருந்தது, விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் கட்டடக் கட்டுப்பாட்டுக்காக நாங்கள் போட்ட சிவப்புக் கோட்டுக்கும் அவருடைய சர்வே எண்ணுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தோப்பை விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

கோவையை ஒட்டிய சூலூர்ப் பக்கம் நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்றால் முதல் கேள்வி விமானப்படைத் தளம்தான். அன்று கருத்துக்கேட்புக்கு வந்த பாதிப் பேர் கையில் பாதுகாப்பு அமைச்சகத்தின் 2016 சுற்றறிக்கை, வாட்ஸ்அப்பில் வந்தது. வெளிச்சுவரிலிருந்து எவ்வளவு தூரத்துக்குக் கட்டடக் கட்டுப்பாடு என்பதற்கு, சில ராணுவ நிலையங்களுக்கு 10 மீட்டர், சிலவற்றுக்கு 100 மீட்டர் என்று அதில் இருக்கும். எல்லாருக்கும் 10 மட்டும்தான் கண்ணில் படும். ஓடுதளம் உள்ள இடத்துக்கு 1903-ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பணிகள் சட்டத்தின் கீழ் வரும் அறிவிக்கைதான் பேசும்: வெளிச்சுவரிலிருந்து 100 மீட்டர், சில தளங்களில் 900. அதற்கும் வெளியே கட்டட உயரத்துக்குத் தனிக் கணக்கு, ஓடுதளத்துக்கு நேர் எதிரே அது இன்னும் கறார்.

எங்கள் வரைவில் சுவரிலிருந்து 100 மீட்டர் தள்ளி அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டிருந்தோம். 10,000-க்கு 1 என்ற அளவு. ஒரு மில்லிமீட்டர் தடிமன் கோடு தரையில் 10 மீட்டர் அகலம். அதாவது அந்தச் சுற்றறிக்கைக்காரர்கள் சண்டை போட்ட 10 மீட்டர் முழுக்க என் பேனா முனைக்குள் அடங்கிவிடும். சுவர் எங்கே ஓடுகிறது என்பதும் பழைய கிராம வரைபடங்களை ஒட்டவைத்து நாங்கள் ஊகித்ததுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, அது சரியும்கூட. எங்கள் தாளில் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

"சரியாத் தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் வெறும் பதில் இல்லை. அதிகாரி தெரியாது என்றார் என்ற பேச்சு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் சென்ட் விலை இறங்கிவிடும். நான் அதிகாரி இல்லை, ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்த வரைவாளன் என்பதெல்லாம் டீக்கடையில் எடுபடாது.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்தில் கோட்டையே எடுத்துவிடச் சொன்னார்கள். பதிலுக்கு ஓரத்தில் ஒரு வரி: விமானப்படையின் தடையில்லாச் சான்று பெற வேண்டும். புத்திசாலித்தனமான முடிவு என்று அன்று எனக்கும் பட்டது. தப்பான கோட்டுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். வாக்கியத்துக்கு யாரும் வேண்டாம். தோப்புக்காரரோ நான் சொன்ன 'வெளிய'வை வைத்துக்கொண்டு, இல்லாமல் போன ஒரு கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. ஊர்தான் அதை நோக்கி வளர்ந்தது என்று ஒரு கட்சி. தோப்பு அதற்கும் முந்தியது என்று இன்னொரு கட்சி. 2018-இல் தேஜஸ் போர் விமானங்கள் வந்தபின் சத்தமும் சேர்ந்துகொண்டது. எங்கள் வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா. சத்தத்துக்கு நிறமே கிடையாது. தளத்தைச் சுற்றிலும் தாராளமாக மஞ்சள் அடித்தோம். தோப்பைப் பற்றிக் கவலைப்படுகிற நான் அந்த மஞ்சளைப் பற்றி ஏன் இவ்வளவு நாள் யோசிக்கவில்லை என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

பழைய அச்சுப்பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. போன வாரம் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அந்த நூல் இடைவெளியைக் காணோம். கோடு தோப்பின் கிணற்று மேலேயே கிடக்கிறது. தாள் சுருங்கியிருக்கலாம்.