மிதக்காத குஞ்சுகள், பின்வாங்காத வளைகோடு: டாஃப்னியாவில் செம்புச் சோதனை

டாஃப்னியா மேக்னா என்ற சிறு நன்னீர் ஓட்டுடலியின் மீது செம்பின் நச்சுத்தன்மையை அளக்கும் 48 மணி நேரச் சோதனை இந்த முறை முழுமையாகக் கைகூடியது. செம்பு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குவளைகளில் இருந்த 20 குஞ்சுகளும் இறுதிவரை நீந்தின. அவற்றில் ஒன்றுகூட நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொள்ளவில்லை. செறிவு ஏற ஏற அசைவிழந்தவற்றின் எண்ணிக்கையும் இடையில் எங்கும் பின்வாங்காமல் ஏறியது. இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும் என்பதால், மகிழ்ச்சியை மறைக்காமலே எழுதுகிறேன்.

இதுவரை என்னை விடாமல் தடுத்துவந்தது செம்பு அல்ல, மிதத்தல்தான். குஞ்சின் ஓடு நீர் ஒட்டாத தன்மை உடையது. அது ஒருமுறை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே தலைகாட்டிவிட்டால், ஓட்டின் இரு மடல்களுக்கு இடையே காற்று புகுந்துகொள்ளும். பிறகு எவ்வளவு வலுவாக உணர்கொம்புகளை வீசினாலும் அதனால் கீழே இறங்க முடியாது. பரப்பில் பக்கவாட்டில் சாய்ந்தபடி சுழன்று, சில மணி நேரத்தில் களைத்து ஓய்ந்துவிடும். 24 மணி நேரக் கணக்கெடுப்பின்போது அப்படி ஒன்றைப் பார்த்தால், அது செம்பினால் ஓய்ந்ததா, காற்றினால் ஓய்ந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது. கட்டுப்பாட்டு விலங்குகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் அசைவிழப்போ, பரப்பில் சிக்குவது போன்ற வேறு நலிவுக்குறிகளோ இருக்கக் கூடாது என்று, டாஃப்னியா சோதனைக்கான பன்னாட்டு நெறிமுறையான ஓஇசிடி 202 விதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 20 விலங்குகளில் இரண்டு வரைதான் பொறுக்கலாம். மூன்றாவது மிதந்தால் அந்தத் தொகுதியின் உழைப்பு முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆகவே இந்தச் சோதனையின் உயிர்நாடி குஞ்சை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கரைசல் தயாரிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இந்தக் கணத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கடையில் அளவுக்கோடுகளுடன் கிடைக்கும் நெகிழிச் சொட்டுக்குழல்கள் இதற்கு ஏற்றவை அல்ல. அவற்றின் நுனி குறுகலானது. குமிழைச் சற்றே அழுத்தினாலும் நீர் பாய்ந்து வெளியேறும். அந்தப் பாய்ச்சலில் குஞ்சு சுவரில் மோதும் அல்லது நுரையோடு மேலே வரும். கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டின் மெல்லிய நுனியை வெட்டிவிட்டு, உள்விட்டம் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு வரும் இடத்தில் விளிம்பைச் சுடரில் காட்டி மழுக்கிக்கொண்டதுதான் எனக்கு நிலையான பலன் தந்தது. குஞ்சின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், அந்த அகலத்தில் அது எங்கும் உராயாமல் உள்ளே வரும்.

பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் குஞ்சுகள் பரப்பை நோக்கி ஏறுகின்றன. விளக்கைக் கிண்ணத்தின் பக்கவாட்டில், அடிமட்டத்துக்கு நேராக வைத்தால் அந்த மூலையில் திரள்கின்றன. குமிழை முன்னதாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை நீருக்குள் ஆழமாக இறக்கி, குஞ்சுக்குப் பின்புறமாகக் கொண்டுசென்று, அழுத்தத்தை மெல்ல விட வேண்டும். விடும்போது நுனி கட்டாயமாகப் பரப்புக்குக் கீழே இருக்க வேண்டும். குவளையின் நடு ஆழத்தில் நிறுத்தி, குமிழை அழுத்தாமல் பிப்பெட்டைச் சற்றுச் சாய்த்தாலே குஞ்சு தானாக நீந்தி வெளியேறும். கடைசித் துளியையும் ஊதி வெளியேற்ற நினைக்கவே கூடாது, ஏனெனில் காற்றுக்குமிழி அந்தத் துளியோடுதான் வருகிறது. ஐந்து குஞ்சுகளோடு வரும் நீர் 0.2 மில்லிலிட்டரைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறேன். 10 மில்லிலிட்டர் குவளையில் அது 2 விழுக்காடு நீர்ப்பைத்தான் உண்டாக்கும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

வளர்ப்புத் தொட்டிகளில் மிதப்பைத் தவிர்க்கச் சீட்டைல் ஆல்ககாலின் சிறு செதில்களை நீர்ப்பரப்பில் தூவும் வழக்கம் உண்டு. அது பரப்பு இழுவிசையைக் குறைத்து நன்றாகவே உதவுகிறது. ஆனால் சோதனைக் குவளையில் அளக்க வந்த பொருளைத் தவிர வேறொன்றையும் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் உணவாக உயிருடன் விற்கப்படுபவற்றில் மொய்னா என்ற நெருங்கிய உறவினம் கலந்திருப்பது மிகச் சாதாரணம். நான் முதலில் வாங்கிய தொகுதி டாஃப்னியா மேக்னா என்ற பெயரில்தான் வந்தது, உருப்பெருக்கியில் பார்த்தபோது பாதிக்கு மேல் வேறு இனம். விற்பவர்களுக்கு அது மீனுக்கு இரையாகும் பூச்சி என்ற அளவில் போதுமானதாக இருக்கலாம், நச்சுச் சோதனைக்கு அது உதவாது. மேக்னாவின் பின்வயிற்று விளிம்பில், முள்வரிசையை இரண்டாகப் பிரிக்கும் ஆழமான வளைவு தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்து ஒரே ஒரு பெண் விலங்கைத் தனியே எடுத்து, அதன் வழித்தோன்றல்களை மட்டுமே இப்போது வளர்க்கிறேன். ஆணின்றிப் பெருகும் உயிர் என்பதால் எல்லாம் மரபளவில் ஒன்றே, எனவே முடிவுகளின் சிதறலும் குறைகிறது. வளர்ப்பில் கறுத்த சேணம் போன்ற உறைமுட்டைகள் தென்பட்டால், கூட்டம் நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். அந்தத் தொட்டியின் குஞ்சுகளைச் சோதனைக்கு எடுப்பதில்லை. முதல் ஈற்றுக் குஞ்சுகளையும் எடுப்பதில்லை. சினைப்பெண்களை முந்தைய மாலையே தனிக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டால், மறுநாள் காலையில் அங்கு இருப்பவை அனைத்தும் 24 மணி நேரத்துக்கு உட்பட்ட வயதுடையவை என்பதில் ஐயம் இருக்காது.

வளர்ப்புக்கு, டாஃப்னியாவுக்கென வகுக்கப்பட்ட செயற்கை நீரான எம்4 ஊடகத்தைப் பயன்படுத்துகிறேன். அதில் உள்ள செலினியமும் வைட்டமின்களும் தலைமுறைகள் தாண்டி விலங்குகளைத் திடமாக வைத்திருக்கின்றன. ஆனால் அதே ஊடகத்தில் இருக்கும் ஈடிடிஏ என்ற சேர்மம் செம்பைக் கவ்விக்கொள்ளும்; கவ்வப்பட்ட செம்பு விலங்கைத் தீண்டாது. அதனால் உலோகச் சோதனைக்கு அதை ஒதுக்கிவிட்டு, நான்கு உப்புகள் மட்டுமே கொண்ட ஐஎஸ்ஓ தர நீரைத் தயாரிக்கிறேன். ஒரு லிட்டருக்குக் கால்சியம் குளோரைடு இருநீரேறி 294 மில்லிகிராம், மக்னீசியம் சல்பேட் எழுநீரேறி 123.25 மில்லிகிராம், சோடியம் பைகார்பனேட் 64.75 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைடு 5.75 மில்லிகிராம். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 2.5 மில்லிமோல் ஆவதால், கால்சியம் கார்பனேட் கணக்கில் கடினத்தன்மை 250 மில்லிகிராம் வருகிறது. தாய்விலங்குகளைக் குறைந்தது 48 மணி நேரமாவது இந்த நீரிலேயே பழக்கிவிட்டுத்தான் குஞ்சு எடுக்கிறேன். குஞ்சுகளையும் ஒருமுறை தூய ஐஎஸ்ஓ நீரில் நீந்தவிட்டு எடுப்பது அவசியம், ஏனெனில் அவற்றோடு வரும் பச்சைப்பாசியும் கரிமக் கழிவும் குறைந்த செறிவுகளில் செம்பைக் கணிசமாக உறிஞ்சிவிடும்.

செம்புக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்). அதன் எடையில் 25.45 விழுக்காடுதான் செம்பு என்பதை மறக்காமல், ஒரு லிட்டருக்கு 3.93 கிராம் கரைத்தால் ஒரு கிராம் செம்பு கொண்ட தாய்க்கரைசல் கிடைக்கிறது. அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரை ஒரு லிட்டராக்கினால் ஒரு மில்லிகிராம் கரைசல். அதில் 16 மில்லிலிட்டரை ஐஎஸ்ஓ நீரில் 100 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 160 மைக்ரோகிராம். அங்கிருந்து பாதிக்குப் பாதியாக 80, 40, 20, 10 என்று இறங்கினேன். அடுத்தடுத்த செறிவுகளின் விகிதம் 2.2ஐத் தாண்டக் கூடாது என்பதால் இரண்டு மடங்கு வசதியானது. ஒவ்வொரு செறிவிலும் கையில் நிற்பது குறைந்தது 50 மில்லிலிட்டர். அதில் 40 நான்கு குவளைகளுக்குப் போக, மீதம் 10 குவளைகளைக் கழுவவும் பிஎச் பார்க்கவும் சரியாக இருக்கிறது. குவளைக்கு ஐந்து வீதம் செறிவுக்கு 20 குஞ்சுகள்; உணவில்லை, காற்றூட்டம் இல்லை, வெப்பம் 20 டிகிரி.

இந்த இடத்தில் அடுத்த திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கடினத்தன்மையைப் பாதியாகக் குறைத்து இதே வரிசையை மீண்டும் ஓட்ட விரும்புகிறேன். விலங்கின் உடற்பரப்பில் செம்பு பற்றிக்கொள்ளும் இடங்களுக்குக் கால்சியமும் மக்னீசியமும் போட்டியிடுகின்றன. போட்டி குறைந்தால் அதே அளவு செம்பு அதிகத் தீங்கு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, ஊறவைத்த இலைச்சருகின் பழுப்பு நீரைச் சிறிதளவு சேர்த்து எதிர்த்திசையில் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஆசை. வளர்ப்பின் நலத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு 24 மணி நேர இசி50 (பாதி விலங்குகளை அசைவிழக்கச் செய்யும் செறிவு) லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழுகிறதா என்று பார்ப்பார்கள். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவர நான் துணியமாட்டேன், மற்றவர்களும் துணிய வேண்டாம். தூய சோடியம் குளோரைடே எனக்கு அந்தப் பணியைச் செய்கிறது. என் பதிவேட்டில் அதன் 48 மணி நேர மதிப்புகள் லிட்டருக்கு 4 முதல் 6 கிராமுக்குள் நிற்கின்றன. அந்த எல்லைக்கு வெளியே போனால் செம்பைத் தொடுவதில்லை.

கணக்கெடுப்புக்கு வருகிறேன். குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 வினாடிகள் பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தாதது அசைவிழந்ததாகக் கணக்கிடப்படும், உணர்கொம்பு துடித்தாலும் அதில் மாற்றமில்லை. 40 மைக்ரோகிராம் குவளை ஒன்றில் 48ஆம் மணி நேரத்தில் கண்டதை எழுதினால் இதன் சிக்கல் விளங்கும். ஒரு குஞ்சு அடித்தளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. உருப்பெருக்கியில் அதன் இதயம் முதுகுப்புறத்தில் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுக்குள் கால்கள் விட்டுவிட்டு அசைந்தன. உணர்கொம்பு ஒருமுறை வீசி, உடல் கால் சுற்றுத் திரும்பி, மறுபடி அதே இடத்தில் அமர்ந்தது. உயிர் இருக்கிறது, நீச்சல் இல்லை. நெறிமுறைப்படி அது அசைவிழந்தது. நாம் கணக்கிடுவது உயிரிழப்பு அளவை அல்ல, இசி50ஐ. மற்றொரு குஞ்சு மூன்று வினாடிக்கு ஒருமுறை தாவி நீரின் நடுப்பகுதி வரை ஏறி மெதுவாக விழுந்தது. அது சோர்ந்திருந்தாலும் நீந்துகிறது, எனவே அசைவுள்ளது. கண்ணால் ஊகிக்காமல் நிறுத்துகடிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒரே ஒழுங்கில் எல்லாக் குவளைகளையும் பார்த்தால்தான் இந்தத் தீர்ப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தோலுரிப்பையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்த வயதில் 48 மணி நேரத்துக்குள் குஞ்சுகள் தோலுரிக்கும். கழற்றிய வெற்றோடு அடியில் கிடக்கும்போது இறந்த குஞ்சைப் போலவே தோன்றும். கறுத்த கண் இல்லாததை வைத்து அதைப் பிரித்தறியலாம்.

முடிவுகள் இவை: 10 மைக்ரோகிராமில் 20ல் எதுவும் அசைவிழக்கவில்லை, 20 மைக்ரோகிராமில் ஒன்று, 40ல் ஏழு, 80ல் பதினாறு, 160ல் இருபதும். இரு முனைகளிலும் முழுமையாகச் சுழியமும் நூறு விழுக்காடும் கிடைத்ததால், இசி50ஐக் கணிக்கும் ஸ்பியர்மன்–கார்பர் முறையை எந்த வெட்டும் இல்லாமல் நேராகப் பயன்படுத்த முடிந்தது. மடக்கை அளவில் கணக்கிட்டால் 48 மணி நேர இசி50 லிட்டருக்கு 49 மைக்ரோகிராம் செம்பு. இறுதியில் கரைந்த ஆக்சிஜன் எல்லாக் குவளைகளிலும் தேவையான 3 மில்லிகிராமுக்கு மிகவும் மேலே இருந்தது. பிஎச் 7.7க்கும் 7.9க்கும் இடையில் நின்றது.

இந்த 49 என்பது நான் ஊற்றிய செம்பின் அளவே தவிர, நீரில் அளந்து கண்ட அளவு அல்ல. கண்ணாடிச் சுவர் செம்பைப் பற்றிக்கொள்ளும். அதனால் குவளைகளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அதன் பிறகு அந்தந்தச் செறிவுக் கரைசலாலேயே ஒருமுறை கழுவி ஊற்றிவிட்டுத்தான் நிரப்புகிறேன். அப்படியிருந்தும் 10, 20 மைக்ரோகிராம் குவளைகளில் உண்மையான அளவு சற்றுக் குறைந்திருக்க வாய்ப்புண்டு. மீன்தொட்டிக்கென வாங்கிவைத்திருக்கும் செம்புச் சோதனைப் பெட்டி இங்கே எந்த உதவியும் செய்யாது. அதன் முதல் நிறப்படியே என் வரிசையின் உச்சச் செறிவுக்கும் மேலே இருக்கிறது. அந்தப் பெட்டி நிறம் மாறாமல் காட்டும் நீரிலேயே டாஃப்னியா முழுவதும் ஓய்ந்துபோகும் என்பதை, செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் மீண்டும் இறால் விட நினைப்பவர்கள் அவசியம் கருத்தில் கொள்ள வேண்டும். அணு உறிஞ்சல் கருவியில் அளந்து தரக்கூடிய ஆய்வகம் ஒன்றுக்கு ஒவ்வொரு செறிவிலும் தொடக்க, இறுதி மாதிரிகளை அமிலமிட்டு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன்.

பயன்படுத்திய கரைசல்களை வடிகாலில் ஊற்றுவதில்லை. சலவைச் சோடாவைச் சேர்த்துச் செம்பைப் படிய வைத்து, அந்தப் பச்சைநீலப் படிவை மூடிய புட்டியில் சேர்த்துவருகிறேன். அபாயக் கழிவாக ஒப்படைப்பதற்கு. பாதிக் கடினத்தன்மை நீரில் தாய்விலங்குகள் ஏற்கெனவே பழகத் தொடங்கிவிட்டன. அவற்றின் ஈற்றளவு குறையாமல் இருந்தால், வெட்டி மழுக்கிய அதே பிப்பெட்டோடு அடுத்த வரிசையைத் தொடங்குவேன். இம்முறை 5 மைக்ரோகிராமிலிருந்து.