மதில் மேல் மீனு

மார்ச் 3

காலை நடையில் எங்கள் நாய் மணி, எதிர்வீட்டு அக்காவின் பூனை மீனுவைப் பிடித்துவிட்டான். மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது என்பார்கள். இன்று எங்கள் பக்கம் குதித்து ஓடியது. நிற்கும் பூனையை மணி முறைத்துவிட்டுப் போய்விடுவான். ஓடும் பூனை என்றால் அவனுக்குக் காதே கேட்காது. மீனுவுக்கு ஒரு பிடி ரோமம் போனது, மணிக்கு மூக்கில் கீறல். பிரிக்கப் போன என் கையில் மீனுவின் பல் இறங்கியது.

சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவினேன். எவ்வளவு நீளமான 15 நிமிடம்! அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி. பூனைக்கடிக்குமா என்று கேட்டேன். பூனையிடமிருந்தும் வரும் என்றார் மருத்துவர். 0, 3, 7, 14, 28ஆம் நாட்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

மாலையில் அக்கா மீனுவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வந்தார். கெடு முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

மார்ச் 4

கை வீங்கிவிட்டது. பூனைப்பல் ஊசி மாதிரி. ஆழத்தில் கிருமியை விட்டுவிட்டு வரும், மேலே சின்னத் துளை மூடிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாயிற்று.

பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நாயைக் கயிற்றில் பிடித்திருந்தீர்களா?" ஆமாம் என்றதும், "அப்போ உங்கள் மேல் தப்பில்லை." கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இழுத்தால் 5 மீட்டர் நீளும் கயிறு. பூட்டும் பொத்தானை நான் அழுத்தவில்லை. கண் போனில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 6

இரண்டாவது ஊசி. கடித்த பூனையை 10 நாள் கண்காணிக்க வேண்டுமாம். கடித்தபோது எச்சிலில் ரேபிஸ் இருந்திருந்தால், அதற்குள் பூனைக்கே நோய் முற்றிவிடும். ஊர் சுற்றும் பூனையை எப்படிக் கண்காணிப்பது? வீட்டுக்குள் வைத்திருங்கள் என்றேன். "அது பூனை தம்பி, அடைச்சா இருக்குமா?" என்றார் அக்கா.

கோபம் வந்தது. நாய் வளர்ப்பவன் கயிறும் கழிவுப் பையுமாக அலைய வேண்டும். பூனை வளர்ப்பவருக்கு "அது பூனை" என்று சொன்னால் போதுமா? என் பூந்தொட்டி மண்ணில் மீனு புதைத்துவைத்ததை எத்தனை முறை அள்ளியிருக்கிறேன்!

இரவு எதிர்வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரே கத்தல். அடைத்துவிட்டார்.

மார்ச் 10

மூன்றாவது ஊசி. மீனுவின் கத்தல் குறைந்துவிட்டது. ஜன்னலில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிறாள். மாடிப்படியில் அக்காவைப் பார்த்தபோது, கயிறு, பொத்தான், போன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும். மாடியிலிருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். இத்தனை நாள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை அவர்.

மார்ச் 13

10 நாள் முடிந்தது. மீனு நன்றாகத் தின்று கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மீதி 2 ஊசி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா மீனுவுக்கு ஊசி போட்டுக் கூட்டிவந்தார். இனி ராத்திரி வீட்டுக்குள், பகலில் கொஞ்ச நேரம் வெளியே என்று முடிவாம். முழுக்க உள்ளேயே வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. வாதாடவில்லை.

ஒன்றரை மீட்டர் சாதாரணக் கயிறு வாங்கினேன். மாலையில் மணியோடு இறங்கும்போது மேலேயிருந்து குரல்: "தம்பி, மீனு மதில்ல இருக்கா. பின்பக்கமாப் போங்க."

கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போனோம். மணிக்குத்தான் மனசே இல்லை.