எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் மெடிக்கல் ஸ்கூல் கணக்கில் என்ன ஆகும்?

அரியர் எழுதி க்ளியர் பண்ணிவிட்டால் கதை முடிந்தது என்பது நம் ஊர்ப் பழக்கம். அமெரிக்காவில் பிள்ளையை மெடிக்கல் ஸ்கூலுக்கு அனுப்ப நினைக்கும் தமிழ் வீடுகளிலும் அதே நினைப்புதான் ஓடுகிறது. அங்கே கணக்கே வேறு.

தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினால், பழைய கிரேடை ஜி.பி.ஏ.விலிருந்து (கிரேடுகளின் சராசரி; ஏ-க்கு 4, தோல்வியான எஃப்புக்கு 0) எடுத்துவிடும் கல்லூரிகள் அங்கே நிறைய. ஆனால் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதில்லை. டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் சான்றிதழில்) உள்ள ஒவ்வொரு பாடத்தையும் வைத்து அவர்களே புதிதாகக் கணக்குப் போடுவார்கள். முதல் எஃப்பும் சேரும், அடுத்து வாங்கிய ஏ-யும் சேரும்.

உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனி ஜி.பி.ஏ. உண்டு, அடி பலமாக விழுவது அதில்தான். 36 கிரெடிட்டில் சராசரி 3.6 வைத்திருப்பவர், 4 கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எஃப் வாங்கினால் 3.24-க்கு இறங்குவார். திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கல்லூரிக் கணக்கில் 3.64. ஆம்காஸில் 3.31தான். எம்.டி.யில் சேருபவர்களின் சராசரி 3.7-க்கு மேல் இருக்கும்போது இந்த இடைவெளி சின்னதல்ல.

டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளின் பொது விண்ணப்பமான ஏகோமாஸ் முன்பு கடைசி கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017-ல் அந்தச் சலுகை போய்விட்டது. இன்னமும் அதைச் சொல்லி ஆறுதல் தருபவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். டெக்சாஸில் மட்டும் ஒரு சந்து உண்டு: அந்த மாநிலவாசிகள் பத்தாண்டுக்கு மேல் பழைய பாடங்களை 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' மூலம் ஒதுக்கலாம். ஆனால் அந்தக் காலத்து நல்ல கிரேடுகளும் கிரெடிட்டும் சேர்ந்தே போகும்.

பிறகு ஏன் திரும்ப எடுக்க வேண்டும்? கட்டாயப் பாடங்களில் பல கல்லூரிகள் குறைந்தது சி கேட்கின்றன, சி மைனஸ் எடுபடாது. ஆகவே எஃப், டி என்றால் எடுத்தே ஆக வேண்டும். சி வாங்கியவர் அதையே திரும்பப் படிப்பதைவிட பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி போன்ற மேல்நிலைப் பாடங்களில் ஏ வாங்குவது மேல். பி மைனஸைத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

எடுக்கும்போது லெட்டர் கிரேடுக்கே எடுங்கள். பாஸ்-ஃபெயில் முறையில் வரும் பாஸ் ஜி.பி.ஏ.வில் ஏறாது. கோடைக்கால எட்டு வாரத்தில் திணிப்பதைவிட, மற்ற அறிவியல் பாடங்களோடு முழு செமஸ்டரில் எடுத்தால் தேர்வுக்குழு நம்பும். தோற்ற காரணம் மாறாமல் உடனே அடுத்த செமஸ்டரே பதிவு செய்வதுதான் பெரிய சறுக்கல்: இரண்டாம் முறையும் சி வந்தால் விளக்கமே எடுபடாது.

விண்ணப்பத்தில் இரண்டு முறையையும் உள்ளிட்டு 'ரிபீட்' என்று குறிக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) எடுத்திருந்தால் அந்த டிரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும். பாதியில் விட்ட பாடத்துக்கு விழும் 'டபிள்யூ' குறி ஜி.பி.ஏ.வில் சேராது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எதையாவது விட்டால் சரிபார்ப்பில் விண்ணப்பம் திரும்பிவரும், வாரக்கணக்கில் தாமதமாகும்.

விண்ணப்பம் போவது பெரும்பாலும் ஜூனில். அதன்பின் இலையுதிர் செமஸ்டரில் திரும்ப எடுக்கும் பாடத்தின் கிரேடு அந்த ஆண்டு ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் ஏறாது, கல்லூரிகளுக்குத் தனித்தனியாகத்தான் தெரிவிக்க வேண்டும். எண் உயர வேண்டுமென்றால் வசந்த செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள், அல்லது ஓராண்டு தள்ளிப்போடுங்கள்.