மகளின் விமானப் பயிற்சி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 9, 2025

பொசன் விடுமுறைக்காக மகள் இரவுப் புகையிரதத்தில் இன்று காலை திருகோணமலைக்கு வந்து சேர்ந்தாள். கொழும்பை அடுத்த இரத்மலானையில் அவள் பயிலும் பள்ளியின் இரண்டு செஸ்னா விமானங்களில் ஒன்று, ஒவ்வொரு நூறு மணிநேரப் பறப்புக்கும் பிறகு செய்யவேண்டிய பரிசோதனைக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது. மற்றதற்கு எல்லா மாணவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். பறந்த நேரங்களைப் பதியும் அவளுடைய லொக்புக்கை வாங்கிப் பார்த்தேன். ஏப்ரலில் அடுத்தடுத்த நாட்களில் நெருங்கி எழுதப்பட்டிருந்த வரிகள் மே நடுப்பகுதியோடு நின்றுவிட்டன. பயிற்றுநர் இல்லாமல் தனிப்பறப்புக்கு அனுப்பலாம் என்று சொல்லப்பட்ட பருவத்தில் இப்படி நின்றதுதான் எனக்குக் கவலை. ஓடுபாதைக்குச் சற்று மேலே மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து இறக்கும் அந்த நுட்பம் கையில் படிவதற்குள் இடைவெளி விழுந்தால், அடுத்த பறப்பு முழுவதும் பழைய பாடத்தை மீட்பதிலேயே கழிகிறது. அதற்கும் அதே கட்டணம்தான்.

ஜூன் 10

பரிசோதனையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அவள் அருகில் நின்று பார்த்திருக்கிறாள். எண்ணெய் வடிகட்டியை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து, உலோகத் துகள் ஏதும் மினுங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துத் தேடுவார்களாம். சிலிண்டர் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் அளந்து, தீப்பொறிச் செருகிகளைக் கழற்றித் துப்புரவாக்குவார்களாம். "அப்பா, வேலை முடிஞ்சுது, மக்னீற்றோவுக்கு ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரோணும், அதுதான் நிக்குது" என்றாள். தீப்பொறிச் செருகிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிதான் மக்னீற்றோ. இந்தச் சோதனையில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கும்படி எந்தத் தகப்பனும் கேட்கமாட்டான். என் மனக்குறை வேறு.

ஜூன் 12

கணிதம் கற்பித்தவன் என்பதால் தாளில் போட்டுப் பார்த்தேன். பிற்பகல் முகில் திரளுமுன் ஒரு விமானம் நாளொன்றுக்கு ஐந்து பறப்புகள் செய்வதாகவும், ஒரு பறப்பு ஒரு மணிநேரம் எனவும், வாரத்தில் ஆறு நாள் எனவும் வைத்துக்கொண்டால் 30 பறப்புகள் கிடைக்கும். கற்றது மறவாதிருக்க ஒரு மாணவருக்கு வாரம் மூன்று பறப்பாவது தேவை என்றால், ஒரு விமானம் பத்துப் பேருக்குப் போதும். பயிற்றுநரின் கணக்கு இன்னும் இறுக்கமானது. முன்விளக்கமும் பின்விளக்கமும் சேர்ந்தால் ஒரு மணிநேரப் பறப்பு அவருடைய இரண்டு மணிநேரத்தை எடுக்கும். நாளுக்கு நான்கு பேருக்கு மேல் ஒழுங்காகக் கற்பிக்க இயலாது, ஆகவே ஒருவருக்கு எட்டு மாணவர்தான். வேறொன்றும் தெரிகிறது: வாரம் 30 மணிநேரம் ஓடும் விமானம் நான்காம் வாரத்திலேயே நூறைத் தொட்டுவிடும். அப்படியானால் இந்தப் பரிசோதனை எதிர்பாராத இடையூறே அல்ல, நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துவைக்கக்கூடிய நாள். அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு விமானமும் ஆண்டு முழுவதும் பறக்கும் என்று எண்ணி மாணவர்களைச் சேர்ப்பது நியாயமல்ல.

ஜூன் 15

மகளுக்குக் கற்பித்த பயிற்றுநர் விமான நிறுவனமொன்றுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மணிநேரம் சேர்ந்ததும் பெரிய விமானத்துக்குப் போவது உலகெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் 2013 முதல் விமான நிறுவனத்தின் துணைவிமானியாவதற்கே பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்பதால், அங்கே இளம் விமானிகள் பலர் அந்த எண்ணிக்கையை எட்டும்வரை கற்பித்துவிட்டு நகர்கிறார்கள். ஆனால் புதியவர் மாணவரின் திறமையைத் தாமே பார்த்து உறுதிசெய்யாமல் தனியே அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது. பழையவர் ஒவ்வொரு பாடத்திலும் எது தேறியது, எது தேறவில்லை என்று விரிவாக எழுதிவைத்துப் போயிருந்தால், இந்த மறுபார்வை ஒன்றிரண்டு பறப்புகளில் முடியும். மகளின் பயிற்சிக் கோவையில் "நன்று" என்ற ஒற்றைச் சொல்தான் பல பக்கங்களில் இருக்கிறதாம்.

இதற்கிடையில் மருத்துவச் சான்றிதழின் காலமும் ஓடுகிறது. வணிக விமானிக்குரிய முதலாம் வகுப்புச் சான்றிதழ் 12 மாதங்களே செல்லும். பயிற்சி இழுபட்டால் அதையும் மறுபடி எடுக்கவேண்டும்.

ஜூன் 18

கச்சான் காற்று அனலாக வீசுகிறது, வானத்தில் முகிலில்லை. சீனக்குடாப் பக்கம் விமானப்படைக் கழகத்தின் பயிற்சி விமானம் வட்டமிடுவதை உவர்மலையிலிருந்து மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை. இந்த மாதங்களில் ஒரு விமானத்தையாவது கிழக்கில் நிறுத்திக் கற்பித்தால் மழையில் வீணாகும் நாட்களை மீட்கலாமே என்று தோன்றுகிறது. அதற்கு விமானப்படையின் அனுமதி, ஏவ்காஸ் என்னும் விமானப் பெற்றோல், இங்கேயே தங்கும் தொழில்நுட்பவியலாளர் எல்லாம் வேண்டும். பிற்பகற் கச்சானின் பலத்த காற்று புதியவர்களுக்கு ஆகாது என்பதால் காலை வேளை மட்டுமே பயன்படும். ஆயினும் ஆராய்ந்து பார்க்கத் தக்க யோசனை என்றே நினைக்கிறேன்.

ஜூன் 22

நான் எழுதிய கடிதத்துக்குப் பள்ளியிலிருந்து மறுமொழி வந்தது. பறக்கும் நிலையிலுள்ள விமானங்கள் எத்தனை, முழுநேரப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், அடுத்த பரிசோதனை எப்போது என்று கேட்டிருந்தேன். முதலிரண்டுக்கும் நேரடியாக விடை தந்திருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் எல்லாப் பெற்றோரும் கேட்கவேண்டிய கேள்விகள் அவை. மூன்றாவதற்கு, வாராந்த அட்டவணையை இனி முன்கூட்டியே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாகம் வந்துவிட்டது. மகளுக்கு வியாழன் காலை முதற்பறப்பு. புதன் இரவுப் புகையிரதத்தில் போகிறேன் என்றாள். தூங்காத கண்ணோடு விமானத்தில் ஏறக்கூடாது என்று சொல்லி, செவ்வாய்க்கே இருக்கை பதிந்திருக்கிறேன்.