ஆதிரை

“ஆதிராவா?” கேட்டுக்கொண்டே தடுப்பூசி அட்டையில் எழுதிவிட்டார் செவிலியர்.

“இல்லை அக்கா, ஆதிரை.”

கடைசியில் இருந்த கால் அடிக்கப்பட்டது. ‘தி’க்கும் ‘ர’வுக்கும் நடுவே கிடைத்த சிறு இடுக்கில் ஐகாரக் கொம்பு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

இன்று காலை, பெரம்பூரில். பேரனோடு அடுத்து நின்றிருந்தேன். திருவாதிரை நட்சத்திரமோ என்று கேட்டேன்.

“மணிமேகலையில் வருகிற ஆதிரை, அம்மா” என்றார் அந்த இளம் தாய்.

அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள்! உலகமெல்லாம் பசிப்பிணி நீங்கட்டும் என்று வாழ்த்தி இட்டவள். அதன் பிறகுதான் அந்தப் பாத்திரம் அள்ள அள்ளக் குறையாமல் ஊருக்குச் சோறு போட்டது.

மணிமேகலைகள் பலரை அறிவேன். அந்த முதல் பிடிச் சோற்றை நினைத்துப் பெயர் வைத்தவரை இன்றுதான் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டாள்.

“பசியும் சேர்ந்துகொண்டது” என்று முந்தானைக்குள் அணைத்துக்கொண்டார் தாய்.