பட்டியலில் இல்லாத தெருக்கள்

சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். படிவத்தின் மேல்வரியிலேயே ஒரு கேள்வி: 'குடிசைப்பகுதி – அறிவிக்கப்பட்டதா, அறிவிக்கப்படாததா?' குடியிருப்பவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். குப்பம், நகர், இல்லாவிட்டால் 'எங்க ஏரியா'. கேட்கவே பிடிக்காத பெயர்தான். ஆனால் அவர்களுக்குச் சட்டம் தரும் பிடிமானமும் அதில்தான் இருக்கிறது.

1971-ல் வந்த குடிசைப்பகுதிச் சட்டப்படி, ஓர் இடத்தை அரசு 'குடிசைப்பகுதி' என்று அறிவித்துவிட்டால், அங்கே வாடகைக்கு இருப்பவரைக்கூட உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு என்று மேம்பாட்டுப் பணி கேட்கவும் வழி பிறக்கும். சென்னையில் அந்த ஆண்டே 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985-ல் மேலும் 17. அதற்குப் பிறகு பல்லாண்டுகளாகப் பட்டியல் நீளவே இல்லை. நகரமோ எங்கெங்கோ பரவிவிட்டது.

கூவம் கரையோரத்தில் ஓர் அக்கா, கதவுக்கு மேல் செருகியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் கொட்டினார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மாமியார் காலத்துக் கரண்ட் பில். "இம்புட்டு பேப்பர் வெச்சிருக்கோம். அப்புறமும் ஆக்கிரமிப்புன்னு எழுதுனா எப்புடி தம்பி?" ஆற்றுப் புறம்போக்கு என்பதால் அலுவலகத்தில் அதற்கு வேறு பெயர்: 'ஆட்சேபனைக்குரியது'. அந்த ஒரு சொல் விழுந்தால் மேம்பாடு என்ற பேச்சே அற்றுப்போய், காலி செய்வது மட்டும்தான் மிஞ்சும். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

காலி செய்யப்பட்டவர்கள் நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். கான்கிரீட் வீடுதான். ஆனால் பழைய வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பல கிலோமீட்டர் தள்ளி. வேலைக்கு மனுப்போடும் பையன்கள் முகவரியில் கண்ணகி நகர் என்பதை மறைத்து, வெறுமனே துரைப்பாக்கம் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். குடிசை போனாலும் பெயர் கூடவே வந்துவிட்டது.

குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நல்ல பெயர், எனக்கு முழுச் சம்மதம். அதோடு விடுபட்ட தெருக்களையும் நேரில் போய்ப் பார்த்துச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். பட்டியலை அந்தந்த வார்டு அலுவலகச் சுவரிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.