மூன்றாவது படி

வெள்ளம் வரும்போது மக்கள் எப்போது, எந்த வழியாக வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. வயது, வீடு, நடை வேகம், எச்சரிக்கை கேட்டதும் என்ன செய்வார் என்ற விதி எல்லாவற்றையும் நாங்கள்தான் எழுதித் தருவோம். தெருக்களையும் ஏறுகிற தண்ணீரையும் சேர்த்து ஓடவிட்டால், எந்தச் சந்தில் கூட்டம் சிக்கும், எந்த முகாமில் இடம் போதாது என்பது தெரியவரும்.

வடசென்னையில் இருக்கும் வியாசர்பாடிக்காக நான் ஓட்டிய முதல் கணினி மாதிரியில், எச்சரிக்கை போன 3 மணி நேரத்தில் தெருக்கள் காலி. கணேசபுரம் சுரங்கப்பாதையை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். புள்ளிகள் சுற்றிக்கொண்டு போயின, ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கே நாள்கணக்கில் தண்ணீருக்கு நடுவில் இருந்தவர்களை நான் நேரில் பார்த்திருந்தேன். என் திரையில் அப்படி ஒருவர்கூட இல்லை.

அதனால் தெருவில் இறங்கிப் பேச ஆரம்பித்தேன். ஓர் ஆட்டோக்காரர் சொன்னார்: "மொதல்ல வண்டிய பாலத்து மேல ஏத்தினேன் சார். டியூ கட்டுற வண்டி. அப்பால நடந்து வூட்டுக்கு வந்தேன்." அவர் முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தபோது மனைவி இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் தன் அம்மாவைக் கூட்டிவரப் போயிருந்தார். எல்லோரும் ஒன்று சேர்வதற்குள் கரண்ட் போய், செல்போனில் சார்ஜ் தீர்ந்து, தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

என் மாதிரியில் திரும்பி வருவது என்ற ஒன்றே கிடையாது. வெளியே போன புள்ளி தப்பித்த புள்ளி, அவ்வளவுதான் கணக்கு. ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடக்கூடும். அந்தத் தண்ணீரில் ஒரே குறுகலான தெருவில் ஒரு குடும்பமே எதிரும் புதிருமாக நடக்கிறது. ஆபத்தின் பெரும்பகுதி அந்த நடையில்தான் இருந்தது, நான் அதை எண்ணவே இல்லை. ஆளை விட்டுவிட்டு, குடும்பத்தை ஓர் அலகாக வைத்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

மணலி புதுநகரில் ஓர் அக்கா சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் கொசஸ்தலையாற்றில் வந்து அந்தப் பகுதிக்குள் புகுந்த சமயம். "2015ல ரெண்டாவது படியோட நின்னுட்ச்சு தம்பி. மூணாவது படி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்னு இருந்தோம்." அரை மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் படியைப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டில் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். எச்சரிக்கையைக் கேட்டவர்கள் கிளம்புமுன் இப்படி அக்கம்பக்கம் விசாரித்து உறுதிசெய்வதைப் பேரிடர் ஆய்வாளர்கள் 'மில்லிங்' என்பார்கள். எங்கள் ஆலோசனைக் கூட்டங்களில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம்: அலட்சியம். நானும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன், இனி மாட்டேன். இரவெல்லாம் விழித்துத் தண்ணீரை அளந்தவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

அவருக்கு வந்த அறிவிப்பு விநாடிக்கு இத்தனை கன அடி என்றது. அவருக்குத் தெரியவேண்டியது எத்தனையாவது படி என்பது.

அந்தப் படியை இப்போது மாதிரிக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன வெள்ளம் தொட்ட உயரம் ஒரு நினைவாக இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் பெரும்பாலான குடும்பங்கள் அசைகின்றன. தெருக்கள் காலியாகும் நேரம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போகிறது, சில வீடுகள் காலியாவதே இல்லை. படுத்த படுக்கையாக யாராவது இருக்கும் வீடுகள் அவை. ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தப் புள்ளிகளைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் டேப்போடு படிகளை அளக்கப் போனோம். அந்த அக்கா வீட்டு வாசலில் குந்தி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டதில் கீழ்ப்படி புதைந்துபோயிருந்தது. இப்போது கீழிருந்து எண்ணினால் மூன்றாவதாக வருவது பழைய நான்காவது படி. அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், கதவுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்து, "எங்க போடணும், சொல்லு தம்பி" என்றார்.